அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குச் சம்பளம்: எங்கிருந்து, எவ்வளவு, எப்படி?

போன மாதம் பெங்களூரு அல்சூரில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் தன் போனை என்னிடம் நீட்டினார். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு அரசாங்கமே மாதச் சம்பளம் தருகிறது என்று ஒரு வீடியோ. "பாப்பா, நீ கணக்கு வேலைதானே பாக்கறே? இதுக்கு எங்க எழுதிப் போடணும்?" அவருடைய கணவர் மூன்று வருஷமாகப் படுத்த படுக்கை. வீடியோவை முழுக்கப் பார்த்தேன். அமெரிக்காவைப் பற்றியது. தமிழில் பேசியவர் நாட்டின் பெயரைச் சொல்லாமலே முடித்திருந்தார். "இது நம்ம ஊருக்கு இல்லீங்க" என்று சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது. அப்புறம் இங்கே என்ன இருக்கிறது என்று சொல்வதற்குள் இலை எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் இதே கேள்வி இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருப்பதால், அவரிடம் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த வீடியோ. அதில் இருந்தது பொய் இல்லை. அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவத் திட்டம் உண்டு. முதியோர் இல்லத்தில் ஒருவரை வைத்துப் பார்க்க அந்த அரசுக்கு ஆகும் செலவு மிகப் பெரிது. அதனால் பல மாநிலங்களில், நோயாளி தன் வீட்டிலேயே இருந்து, தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஆளைத் தானே தேர்ந்தெடுக்கலாம். அந்த ஆளுக்குத் திட்டத்திலிருந்து சம்பளம். அந்த ஆள் மகளாகவும் இருக்கலாம். கணவனோ மனைவியோ இருக்கலாமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஜெர்மனியில் 1995 முதல் கவனிப்புக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது. நோயாளியின் நிலையை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். வீட்டார் பார்த்துக்கொண்டால் 2025 கணக்குப்படி இரண்டாம் படிக்கு மாதம் 347 யூரோ, ஐந்தாம் படிக்கு 990 யூரோ. பணம் நோயாளியின் பெயருக்கு வரும், அவர் எடுத்துக் கொடுப்பார். பார்த்துக்கொள்பவரின் ஓய்வூதியக் கணக்கிலும் அந்தக் காப்பீடே பணம் கட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதிதான். காரணம் பின்னால் வரும்.

இங்கிலாந்தில் வாரத்துக்கு 35 மணி நேரமாவது கவனிப்பவருக்கு, 2025-26 கணக்கில், வாரம் 83.30 பவுண்ட். இந்த உதவித்தொகை 1976-ல் தொடங்கியபோது திருமணமான பெண்களுக்குக் கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அன்றைய எண்ணம். ஒரு பெண் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய் வழக்காடிய பிறகு, 1986-ல்தான் அந்தத் தடை விலகியது. நம் வீடுகளில் அந்த எண்ணத்துக்கு இன்னும் வயதாகவில்லை.

அரசாங்கம் என்ன தருகிறது

இந்தியாவில் வீட்டிலிருந்து கவனிப்பவருக்கு நாடு முழுவதும் பொருந்துகிற மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லை. ஆனால் சட்டத்தில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்களுக்குக் கவனிப்பாளர் உதவித்தொகை தரும் திட்டங்களை அரசுகள் கொண்டுவரலாம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. எவ்வளவு, யாருக்கு என்பதை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. கேரளத்தில் ஆஸ்வாசகிரணம் என்ற திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய். நம் கர்நாடகத்தில் 2024-25 பட்ஜெட்டில் முதல்வர் சித்தராமையா மாதம் 1,000 ரூபாய் அறிவித்தார். அது நான்கு நோய்களுக்கு மட்டும்: மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு, பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.

எங்கள் அம்மாவுக்கு வந்தது பக்கவாதம். பட்டியலில் இல்லை. 600-ம் 1,000-ம் நாலு பாக்கெட் டயப்பருக்கே சரியாகப் போய்விடும் தொகைதான். ஆனாலும், 'கவனிப்பாளர்' என்று ஒரு தனி ஆளை அரசாங்கக் காகிதம் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

நேரடியாகக் கவனிப்பவருக்கு வராவிட்டாலும், நோயாளியின் பெயரில் வரக்கூடியது சில உண்டு. 65 வயது தாண்டி, வருமானம் குறைவாக இருந்தால் சந்தியா சுரக்ஷா ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். ஊனத்தின் அளவைப் பொறுத்து மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். இதற்கெல்லாம் வருவாய்த் துறை அலுவலகமான நாட கச்சேரிக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன்னால் மாற்றுத்திறனாளிச் சான்றும் யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வாங்கி வையுங்கள். இணையத்தில் பதிவு செய்துவிட்டு, அரசு மருத்துவமனை குறிக்கிற நாளில் நோயாளியை அழைத்துப் போக வேண்டும். 40 சதவீதத்துக்குமேல் இருந்தால்தான் பெரும்பாலான பலன்கள். பக்கவாதம் வந்த சூட்டில் சான்று தர மாட்டார்கள். எவ்வளவு தேறுகிறது என்று பார்த்து, ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பிடுவார்கள். அதற்குள் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.

வீட்டுத் தலைவிக்கு வரும் கிருகலட்சுமி 2,000 ரூபாயை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. "அதான் அவளுக்கு மாசம் ரெண்டாயிரம் வருதே" என்று எங்கள் வீட்டிலேயே பேச்சு வந்தது. அது கவனிப்புக்கான கூலி அல்ல. நோயாளி இல்லாத வீட்டுக்கும் அது வருகிறது.

இன்னொரு கூட்டத்தாருக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும். அல்சூர் ஏரிக்கரையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு இருப்பதால், இந்தப் பக்கத்தில் ராணுவத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பணியின் காரணமாக 100 சதவீத ஊனம் அடைந்து, எப்போதும் ஒருவர் துணை தேவை என்று மருத்துவக் குழு சான்று தந்தால், ஓய்வூதியத்தோடு தொடர் உதவியாளர் படி என்று ஒன்று உண்டு. ஏழாவது ஊதியக் குழு அதை மாதம் 6,750 ரூபாய் ஆக்கியது; அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் இதுவும் 25 சதவீதம் கூடும் என்பது விதி. பணியால் அப்படி ஊனமடைந்த மத்திய அரசு ஊழியர்களுக்கும் இது உண்டு. உதவியாள் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. ஓய்வூதிய ஆணையில் இந்த வரி இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

விபத்தில் படுத்தவர்களுக்கு வழி வேறு. மோட்டார் வாகன விபத்து வழக்கில் மருத்துவச் செலவைப் போலவே உதவியாளர் செலவையும் தனியாகக் கேட்கலாம். 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு சிறுமியின் வழக்கில், இரண்டு உதவியாளர்களுக்கு ஆளுக்கு 5,000 வீதம் மாதம் 10,000 ரூபாய் என்று வைத்து, வருஷக் கணக்கை வயதுக்கேற்ற பெருக்கெண்ணான 18-ஆல் பெருக்கி 21,60,000 ரூபாய் தந்தது. வீட்டாரே பார்த்துக்கொண்டாலும் விட்டுவிடாமல் கேளுங்கள். யார் வேலையை விட்டார்கள், என்ன சம்பளம் போயிற்று என்பதற்கான காகிதத்தை வக்கீலிடம் முதல் நாளே கொடுங்கள்.

மீதி எல்லாம் குடும்பத்துக்குள்தான்

மேலே சொன்ன எதுவும் பொருந்தாத வீடுகள்தான் அதிகம். அங்கே சம்பளம் என்று ஒன்று வந்தால் கூடப் பிறந்தவர்கள் கையிலிருந்துதான் வரவேண்டும். இதைச் சொல்லவே எங்களுக்கு ஏழு மாதம் ஆனது.

எங்கள் வீடு ஸ்ரீராமபுரத்தில். அப்பா பின்னி மில்லில் இருந்தவர். அவர் போனபின் அம்மாவுக்கு விதவை ஓய்வூதியம் மாதம் ஆயிரத்துச் சொச்சம். அண்ணன் ஓசூரில், தம்பி துபாயில், நான் கே.ஆர்.புரத்தில். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பீனியாவில் ஒரு கார்மென்ட்ஸில் தையல் வேலை. அம்மா விழுந்த மறுவாரம் யாரும் சொல்லாமலே அக்கா வேலையை விட்டாள். நாங்களும் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மருந்துக்கு ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டோம். ஒருநாள் அக்கா என்னிடம், போனுக்கு ரீசார்ஜ் பண்ண 239 ரூபாய் கேட்டாள். 46 வயதில், பதினெட்டு வயதிலிருந்து சம்பாதித்தவள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு எல்லோரையும் வீடியோ காலில் உட்காரவைத்தேன். அண்ணன் கெட்டவர் இல்லை. "கைச்செலவுக்கு மாசம் அஞ்சாயிரம் குடுத்துடலாம்மா" என்றார். அக்கா அதையும் வேண்டாம் என்றாள். "பெத்தவளுக்குச் செய்யறதுக்குக் கூலியா ணா?" என்று கேட்டுவிட்டு அழுதாள்.

அந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். அம்மாமேல் வைத்த பாசத்துக்கு யாரும் விலை பேசவில்லை. பாசம் எங்கள் நாலு பேருக்கும் இருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பது நாலு பேரில் ஒருத்தி மட்டும்தான். அந்த நேரத்துக்கும் உழைப்புக்கும்தான் பணம். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2024-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டாரைக் கவனிக்கும் வேலையில் இருந்தார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். அப்படிச் செய்த பெண்கள் நாளுக்குச் சுமார் 140 நிமிஷம், ஆண்கள் 74 நிமிஷம். படுத்த படுக்கையான ஆள் இருக்கும் வீட்டில் அந்த நிமிஷங்களெல்லாம் காலை பத்து மணிக்குள் தீர்ந்துவிடும்.

எவ்வளவு என்று முடிவுசெய்ய இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று, அதே வேலைக்கு வெளியாள் வைத்தால் என்ன ஆகும்? ஏஜென்சியில் கேட்டோம். 24 மணி நேர அட்டெண்டருக்கு மாதம் 28,000, சாப்பாடும் தங்கும் இடமும் நம் பொறுப்பு. இன்னொன்று, கவனிப்பவர் எதை விட்டுவிட்டு வந்தார்? அக்காவின் கைக்கு வந்த சம்பளம் 13,500. என் அபிப்பிராயத்தில் முதல் கணக்குதான் நியாயமானது. ஆனால் எல்லா வீட்டிலும் அதைக் கொடுக்க இயலாது. குறைந்தபட்சம் இரண்டாவது கணக்குக்குக் கீழே போகக் கூடாது. விட்டுவந்த சம்பளத்தையும் தராமல் நாம் ஒருவரை வீட்டில் வைத்திருந்தால், அவர் தன் சேமிப்பிலிருந்து நம் அம்மாவுக்குச் செலவு செய்கிறார் என்றுதான் அர்த்தம்.

அண்ணன் ஒன்று கேட்டார். "வாடகை இல்லாம அம்மா வீட்லதானே இருக்கா, அதைக் கழிக்கணுமா இல்லையா?" கழிக்கக் கூடாது என்றேன். அட்டெண்டருக்கும் நாம் இடமும் சோறும் கொடுத்துத்தான் 28,000 தருகிறோம். யாரும் அதில் வாடகை பிடிப்பதில்லை.

கடைசியில் மாதம் 18,000 என்று நின்றது. அண்ணன் 8,000, தம்பி 6,000, நான் 4,000. சமமாகப் பிரிக்கவில்லை, அவரவர் வருமானத்துக்கு ஏற்றபடி. தம்பிக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. மருந்து, டயப்பர், பிசியோதெரபி இவற்றுக்குத் தனிக் கணக்கு. இதில் கறாராக இருங்கள். சம்பளமும் மருந்துச் செலவும் ஒரே கணக்கில் கிடந்தால், விலை ஏறும்போதெல்லாம் அக்காவின் பணம்தான் முதலில் கரையும். ஐந்தாம் தேதி தானாகவே அக்காவின் கணக்குக்குப் போகும்படி வங்கியில் உத்தரவு கொடுத்தோம். மாதாமாதம் கேட்டு வாங்கும் நிலை இருந்தால், தொகை எவ்வளவாக இருந்தாலும் அது கைச்செலவுதான்.

வரியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். கூடப் பிறந்தவர்கள், பெற்றோர், பிள்ளைகள் தரும் பணம் வருமான வரிச் சட்டத்தில் உறவினர் தரும் அன்பளிப்பு. வாங்குபவருக்கு வரி இல்லை. சம்பளம் என்றே எழுதினாலும் ஆண்டுக்கு 2,16,000 ரூபாய், வரி வரம்புக்குக் கீழேதான். கொடுப்பவருக்கு ஒரு சலுகை உண்டு. பழைய வரி முறையில் இருப்பவர், தன்னைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிப் பெற்றோருக்காக 80டிடி என்று நாம் அறிந்த பிரிவில் 75,000 ரூபாய் கழிக்கலாம். ஊனம் 80 சதவீதம் அல்லது அதற்குமேல் என்றால் 1,25,000. ரசீது கூட்டிக் காட்ட வேண்டியதில்லை, சான்று இருந்தால் போதும். புதிய முறையில் இது கிடையாது. அண்ணனுக்கு மிச்சமான வரியையும் மருந்துக் கணக்கில்தான் போட்டோம்.

அக்காவின் வயதான காலம்

18,000-ல் 2,000 அக்கா கைக்குப் போவதில்லை. அது அவள் பெயரில் திறந்த தேசிய ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. ஜெர்மனியைப் பற்றிச் சொன்னேனே, அதற்கு இதுதான் காரணம். வேலையை விட்டவள் இந்த மாதச் சம்பளத்தோடு பிஎஃப்பையும் இஎஸ்ஐயையும் சேர்த்தே விட்டுவிட்டு வருகிறாள். இருபது வருஷம் கழித்து அவள் படுத்தால் யார் பார்ப்பது, எந்தப் பணத்தில் என்று அன்று யாரும் யோசிப்பதில்லை.

வேலையை விட்டு வந்தவர்கள் பிஎஃப் பணத்தை அவசரப்பட்டு முழுக்க எடுக்காதீர்கள். மொத்தம் பத்து வருஷம் சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு. பத்து நிறையவில்லை என்றால், ஓய்வூதியப் பகுதியை எடுத்துவிடாமல் திட்டச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். பின்னால் மறுபடி வேலைக்குப் போனால் பழைய வருஷங்களும் சேரும். அக்கா மூன்று கம்பெனி மாறியவள். மூன்றையும் ஒரே எண்ணில் சேர்க்கவே நாலு மாதம் அலைந்தோம். அலைச்சலுக்குப் பலன் உண்டு. 40 வயதுக்குள் இருப்பவர்கள் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். வருஷம் 20 ரூபாயில் விபத்துக் காப்பீடும், 50 வயதுக்குள் சேர்ந்தால் 436 ரூபாயில் ஆயுள் காப்பீடும் வங்கியிலேயே கிடைக்கின்றன.

விடுமுறையையும் சம்பளத்தின் பகுதியாகத்தான் நினைக்க வேண்டும். மாதத்தில் இரண்டு ஞாயிறு நான் போய் அம்மாவோடு இருக்கிறேன். முதல் ஞாயிறு அக்கா வெளியே போகவே இல்லை. நான் கஞ்சி ஊட்டுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "நிமிர்த்தி உக்கார வெச்சு ஊட்டு, பொறை ஏறிடும்" என்றாள். அரை நாளில் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் இந்த ஒருநாளையாவது செய்து பார்த்தால், தொகையைப் பற்றிய பேச்சு சீக்கிரம் முடியும்.

பேச்சு நிற்காதபோது

எல்லா வீட்டிலும் வீடியோ காலில் தீராது. கொடுக்க வசதி இருந்தும் பிள்ளை கைவிரித்தால், 2007-ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. உதவி ஆணையர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மனுவை அம்மாதான் தர வேண்டும். நடக்க முடியாதவர் என்றால் அவர் அதிகாரம் கொடுத்தவர் தரலாம். ஒரு மகன்மேல் மட்டும் மனுப் போட்டாலும், அவர் மற்றப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். அந்தப் பணம் அம்மாவின் பெயரில்தான் வரும், பார்த்துக்கொள்ளும் மகளுக்குச் சம்பளமாக அல்ல. ஆனால் அம்மா கையில் பணம் இருந்தால் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு அவரால் கொடுக்க முடியும். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

வீட்டைக் காட்டிச் சமாதானம் சொல்வதுதான் நம் குடும்பங்களில் நான் பார்த்த மிகப் பெரிய ஆபத்து. "பாத்துக்கம்மா, கடைசியில வீடு உனக்குத்தான்" என்று வாயால் சொல்லி, பத்து வருஷம் வேலை வாங்கி, பெரியவர் போன பதினாறாம் நாளே எல்லோரும் பங்கு கேட்டு வருவார்கள். வாய்ப்பேச்சு பத்திரம் ஆகாது. கொடுக்கும் எண்ணம் பெரியவருக்கு உண்மையிலேயே இருந்தால், நினைவு தெளிவாக இருக்கும்போதே உயில் எழுதட்டும். இரண்டு சாட்சி போதும், முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு கட்டாயம் இல்லை என்றாலும் பதிவு செய்வது நல்லது. உயிலுக்குப் பதில் தானப் பத்திரம் என்றால், 'என்னைப் பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அப்போதுதான், பராமரிக்கத் தவறினால் மேலே சொன்ன 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க முடியும். எப்படியானாலும், என்றோ வரப்போகும் வீடு இந்த மாதத்து ரீசார்ஜுக்கு உதவாது. இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

நாங்கள் பேசியதை ஒரு முழுத்தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். தொகை, தேதி, விடுமுறை, வருஷத்துக்கு ஒருமுறை உயர்வு. கடைசி வரியை நான் சேர்த்தேன். இங்கிலாந்தில் நோயாளி இறந்த பிறகும் எட்டு வாரம் உதவித்தொகை தொடரும் என்று படித்திருந்தேன். அம்மா காலத்துக்குப் பின் அக்கா வேறு வேலை தேடிக்கொள்ள ஆறு மாதம் இதே தொகை தொடரும் என்று எழுதினேன். அக்கா படித்துவிட்டு, "இந்த வரிய மட்டும் அடிச்சுடு, பாக்கவே பயமா இருக்கு" என்றாள். அண்ணன்தான் தாளை வாங்கி முதலில் கையெழுத்துப் போட்டார். வரி அப்படியே இருக்கிறது. தாள் அம்மாவின் மருந்து ஃபைலில், யூடிஐடி அட்டைக்குப் பின்னால்.